மயங்கிக் கிடக்கும் நாய்க்கும் வலிக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தெருநாய்க் கருத்தடை பற்றித் தங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. எத்தனை நாய்களைப் பிடித்தார்கள், எத்தனைக்கு அறுவை முடிந்தது, எத்தனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டார்கள் என்று கணக்கும் வருகிறது. வயிற்றைக் கிழித்துச் சூலகத்தையும் கருப்பையையும் எடுத்த பெண் நாய்க்கு வலி குறைய என்ன கொடுத்தார்கள் என்ற கேள்வி மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், மருந்தின் அளவுகளையும் எழுதியிருக்கிறோம். முழுதாக வெளியிட்டால் கருத்தடை மையங்களில் வேலை செய்யும் இளம் மருத்துவர்களுக்கும், வீட்டு நாயை அறுவைக்குக் கொண்டு போகிறவர்களுக்கும் உதவும்.

சென்னையில் தெருநாய்களைக் கொல்வதை விட்டுக் கருத்தடைக்கு மாறி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகின்றன. நாடு முழுவதற்கும் 2001-இல் விதிகள் வந்தன. 2023 மார்ச்சில் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. வெறிநோய் அறிகுறியோ மூர்க்கமோ இல்லாத நாயைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22-இல் சொன்னது. அறுவைகளின் எண்ணிக்கை இனிக் கூடத்தான் செய்யும். எண்ணிக்கை கூடும்போது முதலில் கைவிடப்படுவது வலி மருந்துதான். அது இல்லாவிட்டாலும் அறுவை முடிந்துவிடும், நாயும் எழுந்து நடந்துவிடும், யாரும் புகார் சொல்லப் போவதில்லை.

பிரச்சினையின் வேர் ஒரு தவறான எண்ணத்தில் இருக்கிறது. நாய் அசையாமல் கிடந்தால் வலியில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். மயக்கம் ஒன்று, வலி நீக்கம் இன்னொன்று. நம் மையங்களில் பெரும்பாலும் பயன்படுவது சைலசினும் கீட்டமைனும் சேர்ந்த ஊசி. சைலசின் கொடுத்த நாய் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை தூங்கும். ஆனால் அந்த மருந்து வலியைக் குறைக்கும் நேரம் பதினைந்து முதல் முப்பது நிமிடம்தான். கீட்டமைன் தோல், தசை வலியை நன்றாகத் தடுக்கும். வயிற்றுக்குள் இருக்கும் உறுப்பை இழுக்கும்போது வரும் வலிக்கு அது அவ்வளவு போதாது. அதன் வேலையும் முப்பது நாற்பது நிமிடத்தில் தளர்ந்துவிடும். இதைக் கூட்டிப் பாருங்கள். ஊசி போட்டு, முடி மழித்து, கழுவி, துணி விரித்து அறுவை தொடங்கும்போதே பதினைந்து நிமிடம் போயிருக்கும். தையல் முடியும் நேரத்தில் வலி நீக்கம் தீர்ந்திருக்கும். தூக்கம் மட்டும் மிச்சம் இருக்கும். கூண்டில் கிடத்திய நாய் அசையாமல் கிடக்கிறது, ஆனால் அதற்கு வலிக்கிறது. கத்துவதற்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

அசிப்ரோமசின், டிரைஃப்ளுப்ரோமசின் போன்றவற்றுக்கு வலியைக் குறைக்கும் குணமே கிடையாது. அவை நாயைச் சாந்தப்படுத்தும், இரத்த அழுத்தத்தையும் இறக்கும். அவற்றைப் போட்டுவிட்டுக் காலைக் கட்டிக் காயம் தைப்பதை மயக்க மருந்து கொடுத்துச் செய்த சிகிச்சை என்று சொல்லக் கூடாது.

கருத்தடை அறுவையில் மிகுந்த வலி தரும் கணம் எது என்று மேசையருகே நிற்பவர் யாரும் சொல்லிவிடுவார். தோலை வெட்டும்போது நாய் சும்மா கிடக்கும். கொக்கியால் கருப்பைக் கொம்பைத் தேடி எடுத்து, சூலகத்தைக் காயத்தின் வாய்க்குக் கொண்டுவர விரலால் அதன் தசைநாரை இழுத்து நீட்டும்போதுதான் தெரியும். ஒரு மூச்சு நின்றுபோகும். அடுத்து நான்கைந்து மூச்சு வேக வேகமாக வரும். நிமிடத்துக்கு எண்பது என்று ஓடிக்கொண்டிருந்த இதயத் துடிப்பு நூற்று முப்பதுக்குத் தாவும். பின்னங்கால் விரல்கள் லேசாக விரியும். அறுவை செய்பவர் உடனே “மயக்கம் மேலோட்டமாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஏற்று” என்பார். சைலசினும் கீட்டமைனும் மறுபடி ஏறும். வலிக்கு மருந்து கொடுக்க வேண்டிய இடத்தில் மயக்கத்தைக் கூட்டுகிறோம். அதன் விலை பிறகு தெரியும்: நாய் விழிக்க மூன்று மணி நேரம், உடல் குளிர்ந்து போவது, மூச்சு மந்தமாவது. வலியை முன்கூட்டியே தடுத்திருந்தால் இந்த இரண்டாவது ஊசிக்குத் தேவையே வந்திருக்காது.

முன்கூட்டி என்பதற்கும் காரணம் உண்டு. கத்தி பட்ட பிறகு வலிச் செய்தி தண்டுவடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால், அங்குள்ள நரம்புகள் கூர்மையாகிவிடும். பிறகு சின்னத் தொடுகைகூட வலியாகும். அந்த நிலைக்குப் போன பிறகு கொடுக்கும் மருந்து அதிகம் வேண்டும், பலன் குறைவாக இருக்கும். அதனால் வலி மருந்தின் முதல் பங்கு கத்திக்கு முன்னால் போக வேண்டும்.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். மார்ஃபின் போன்றவை உரிமம், பதிவேடு என்று சிக்கலானவை. சிறு மையங்களில் கிடைப்பதில்லை. அதை எண்ணித்தான் உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவர் சங்கம் 2014-இல் வெளியிட்டு 2022-இல் திருத்திய வலி மேலாண்மை வழிகாட்டி, அத்தகைய மருந்து கிடைக்காத இடத்தில் என்ன செய்யலாம் என்றும் தனியாகச் சொல்கிறது. மரத்துப்போகும் ஊசியும், அழற்சியைக் குறைக்கும் வலி மருந்தும்தான் அதன் முதுகெலும்பு. இரண்டும் நம் ஊர் மருந்துக் கடையில் கிடைப்பவை.

மரப்பு ஊசியிலிருந்து தொடங்குகிறோம். 0.5 சதவீத பியூபிவக்கைனில் ஒரு மி.லி.-க்கு 5 மி.கி. மருந்து இருக்கும். நாய்க்கு உச்ச அளவு கிலோவுக்கு 2 மி.கி. பத்துக் கிலோ நாய்க்கு 20 மி.கி., அதாவது 4 மி.லி. அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. 20 மி.லி. குப்பி ஒன்று அப்படிப்பட்ட ஐந்து நாய்களுக்கு வரும். இது நான்கு முதல் ஆறு மணி நேரம் வேலை செய்யும். நாய் விழித்து எழும் மோசமான நேரத்தை இது தாண்ட வைக்கும். ஆனால் ஏறுவதற்குப் பத்து முதல் இருபது நிமிடம் எடுக்கும். இதை மறந்துவிட்டு, கத்தியைக் கையில் எடுத்த பிறகு ஊசி போட்டு “வேலை செய்யவில்லை” என்பவர்கள் உண்டு. முடி மழித்த உடனேயே, முதல் கழுவலுக்குப் பிறகு, வெட்டப்போகும் கோட்டின் வழியே போட்டுவிட வேண்டும். பிறகு இன்னும் இரண்டு முறை தேய்த்துக் கழுவி, துணி விரித்து, கையுறை மாட்டும் நேரத்தில் மருந்து ஏறியிருக்கும்.

போடும் முறை எளிது. 22 அளவு, ஒன்றரை அங்குல ஊசி. கோட்டின் ஒரு முனையில் தோலுக்கடியில் நுழைத்து மறுமுனை வரை கொண்டுபோய், பிஸ்டனைப் பின்னிழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்த்து, பிறகு ஊசியை மெல்ல வெளியே எடுத்துக்கொண்டே மருந்தை விட வேண்டும். அதே கோட்டில் இன்னொரு முறை சற்று ஆழமாக, தசைக்குள். பத்துக் கிலோ நாயில் இதற்கு 2 மி.லி. பின்னிழுத்துப் பார்ப்பதை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். பியூபிவக்கைன் இரத்தக் குழாய்க்குள் நேராகப் போனால் இதயத்தை நிறுத்திவிடும். திரும்பக் கொண்டுவருவது மிகவும் கடினம். மிச்சம் 2 மி.லி.-ஐத் தனி ஊசிக்குழலில், கிருமி நீக்கிய முறையில் வைத்துக்கொண்டு, சூலகம் வெளியே வந்ததும் அதைத் தாங்கும் சவ்வின்மேல் பக்கத்துக்கு ஒரு மி.லி.-யாகச் சொட்டவிட வேண்டும். அந்த நிமிடமே மரத்துவிடாது. ஆனால் சூலகத்தை வெட்டி எடுத்த பிறகு உள்ளே மிஞ்சும், நூலால் கட்டிய முனை, நாய் விழித்த பிறகு வலிக்காமல் இருக்க அது உதவும்.

ஆண் நாய்க்கு 2 சதவீத லிக்னோகைன் என்ற மரப்பு மருந்து போதும். அதில் ஒரு மி.லி.-க்கு 20 மி.கி. மொத்தம் கிலோவுக்கு 6 மி.கி.-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்துக் கிலோ நாய்க்கு ஒவ்வொரு விதைக்குள்ளும் ஒரு மி.லி., வெட்டும் கோட்டில் அரை மி.லி. விதையை விரல்களுக்கிடையில் பிடித்துக் கீழ் முனையிலிருந்து மேல் நோக்கி ஊசியைச் செலுத்தி, பின்னிழுத்துப் பார்த்து, விதை சற்று விறைக்கும் வரை விட வேண்டும். மருந்து அங்கிருந்து விந்துக் குழாய்க் கொத்துக்குள் ஏறும். மூன்று முதல் ஐந்து நிமிடம் காத்திருந்தால் போதும். கொத்தை இழுத்துக் கட்டும்போது நாய் துள்ளாது, அதுதான் சோதனை. லிக்னோகைன் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தீரும். இரண்டு மருந்தையும் ஒரே நாய்க்குப் போட்டால் அவற்றின் நச்சும் கூடும். ஒவ்வொன்றின் உச்ச அளவையும் தனித்தனியாக எண்ணிப் போடக் கூடாது. முகத்தசை துடிப்பது, உடல் நடுங்குவது, வலிப்பு வருவது ஆகியவை அளவு மீறியதன் அறிகுறிகள்.

அடுத்தது அழற்சியைக் குறைக்கும் வலி மருந்தான மெலாக்சிகாம். முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., தோலுக்கடியில், 24 மணி நேரத்துக்கு ஒரு முறை. ஒரு மி.லி.-க்கு 5 மி.கி. உள்ள மருந்தாக இருந்தால் பன்னிரண்டு கிலோ நாய்க்கு அரை மி.லி.-க்கும் சற்றுக் குறைவு. இவ்வளவுதான். ஊசிக்குழலில் பார்த்தால் அடியில் ஒரு விரற்கடை அளவுகூட இருக்காது. இந்த அரை மி.லி. பல நாய்களுக்குக் கிடைக்காமல் போகிறது என்பதுதான் எங்களுக்குத் தாளாத விஷயம். அடுத்த இரண்டு மூன்று நாளுக்குக் கிலோவுக்கு 0.1 மி.கி. வீதம் உணவோடு கொடுக்கலாம். பிடித்து வந்த நாயின் சிறுநீரகம் எப்படி, தண்ணீர் குடித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று நமக்குத் தெரியாது. அதனால் அறுவை முடிந்து, ஈறு நல்ல சிவப்பில் இருக்கிறது, நாடி தெளிவாக இருக்கிறது என்று பார்த்த பிறகு கொடுப்பது பாதுகாப்பு. வாந்தி பேதி உள்ள நாய்க்கும், நீர்ச்சத்து குறைந்த நாய்க்கும், பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய் நாய்க்கும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். டெக்சாமெதசோன், ப்ரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு கொடுத்த நாய்க்குக் கொடுக்கவே கூடாது. இரைப்பையில் புண் விழுந்து ஓட்டையாகவும் கூடும். மெலாக்சிகாமோடு பாராசிட்டமால் கலந்த குப்பிகளும் சந்தையில் உண்டு. குப்பியின் நிறத்தைப் பார்த்து எடுக்காமல், மேலே எழுதியிருக்கும் மி.கி. அளவைப் படித்து எடுக்க வேண்டும்.

இதற்கு மாற்றாக டைக்ளோஃபெனாக் போடலாமா என்று சில இடங்களில் கேட்கிறார்கள். கூடாது. நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும். மேலும், மாட்டுச் சடலத்தில் மிச்சமிருந்த இந்த மருந்தால் பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததால் 2006-இலேயே கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை செய்யப்பட்டது. கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023-இல் அதே வழியில் போயின. நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் பாறு கழுகுகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றுக்கும் கேடில்லை என்று உறுதியான மருந்துகளில் மெலாக்சிகாம் ஒன்று.

மார்ஃபின் வகையைச் சேர்ந்த பியூட்டர்ஃபனால் கிடைக்கும் இடத்தில் கிலோவுக்கு 0.2 முதல் 0.4 மி.கி. வரை சைலசினோடு கொடுத்தால் மயக்கமும் இதமாகும், உறுப்பை இழுக்கும் வலியும் குறையும். ஆனால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காது; அதை மட்டும் நம்பி நாயைக் கூண்டில் விடக் கூடாது. டிரமடால் மாத்திரையை எழுதிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. மனிதரின் கல்லீரல் அதை வலுவான வலிநீக்கியாக மாற்றுகிறது. நாயின் உடலில் அந்த மாற்றம் மிகக் குறைவு. நாய் சற்றுச் சோர்ந்து கிடக்கும், நாம் வலி குறைந்ததென்று நினைப்போம். ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டோமே என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது கிருமிக்கு, வலிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

இவையெல்லாம் சரியாக நடக்க முதலில் எடை தெரிய வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்லும் எடை வெகுவாகத் தவறும், முக்கியமாக முடி அடர்ந்த நாய்களிலும் கருவுற்றிருப்பவற்றிலும். பன்னிரண்டு கிலோ நாய்க்குச் சைலசின் கிலோவுக்கு 1 மி.கி. வீதம் 20 மி.கி. செறிவில் 0.6 மி.லி.; கீட்டமைன் கிலோவுக்கு 10 மி.கி. வீதம் 50 மி.கி. செறிவில் 2.4 மி.லி. அதே நாயைப் பதினெட்டுக் கிலோ என்று நினைத்தால் 0.9 மி.லி., 3.6 மி.லி. மெலிந்து, குடற்புழுவோடு, இரத்தசோகையோடு வரும் தெருநாய் இந்தக் கூடுதலைத் தாங்குவது கடினம். கூண்டோடு நிறுத்தும் தராசு ஒன்று வாங்கி, காலிக் கூண்டின் எடையைச் சுவரில் எழுதி வைத்தால் முடிந்தது.

ஊசி போட்ட முதல் ஐந்து நிமிடம் ஆபத்தானது. சைலசின் பல நாய்களை வாந்தி எடுக்க வைக்கும். தெருநாய் என்ன தின்றது, எப்போது தின்றது என்று யாருக்கும் தெரியாது. பிடிக்கும்போது கடிக்காமல் இருக்க வாயைத் துணியால் கட்டியிருப்பார்கள். கட்டிய வாயோடு வாந்தி வந்தால் போக வழியில்லாமல் மூச்சுக்குழலுக்குள் இறங்கும். நுரையீரல் கெட்டு இரண்டு நாளில் நாய் சாகும், காரணம் தெரியாமலே போகும். ஊசி போட்டதும் கட்டைத் தளர்த்தி, கூண்டில் தலை சற்றுத் தாழ இருக்கும்படி விட்டு, ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். மாலையில் பிடித்து, இரவு உணவு தராமல் தண்ணீர் மட்டும் வைத்து, காலையில் அறுவை செய்வது நல்ல வழக்கம்.

கீட்டமைன் கொடுத்த நாயின் கண் திறந்தே இருக்கும், இமை தொட்டால் சிமிட்டும், எச்சிலை விழுங்கும். அதைப் பார்த்து மயக்கம் போதவில்லை என்று முடிவு செய்யக் கூடாது. தாடை இளகியிருக்கிறதா, விரலிடுக்கை அழுத்தினால் காலை இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறந்த கண்ணில் களிம்பு போட வேண்டும். இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் விழிவெண்படலம் காய்ந்து புண்ணாகிவிடும். சைலசின் கொடுத்த நாயின் இதயம் நிமிடத்துக்கு ஐம்பது வரை இறங்குவது அந்த மருந்தின் இயல்பு. ஈறு சிவப்பாக இருந்து, அழுத்திவிட்ட இடம் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பினால் பதறி, துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் போட வேண்டியதில்லை. இந்த மருந்துகளில் நாய் வெறும் காற்றை மூச்சிழுத்துக் கிடந்தால் இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூச்சுக்குழலில் குழாய் போடுவது, முடிந்தால் ஆக்சிஜன், நாக்கில் ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர் ஆகியவை ஆடம்பரம் இல்லை.

குளிரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னை வெயிலில் நாய்க்குக் குளிருமா என்று கேட்பார்கள். எஃகு மேசை, ஸ்பிரிட்டில் நனைந்த வயிறு, திறந்த வயிற்றுக்குழி, மேலே ஏசி. முப்பத்தெட்டரை டிகிரியில் இருக்க வேண்டிய உடல் அரை மணி நேரத்தில் முப்பத்தாறுக்கு வந்துவிடும். குளிர்ந்த நாய் மருந்தைக் கரைத்து வெளியேற்றாது, விழிக்காது, புண்ணும் சீக்கிரம் ஆறாது. மேசையில் தடித்த துணியும் அதற்கு மேல் செய்தித்தாளும் விரிக்கலாம். ஸ்பிரிட்டைத் தேவைக்கு மேல் ஊற்ற வேண்டாம். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும். மயங்கிய நாய் சூட்டில் விலகாது, வெந்துபோகும்.

விழிக்க வைக்க, சைலசினை முறிக்கும் யோகிம்பின் கொடுப்பவர்களுக்கு: கீட்டமைன் கொடுத்து நாற்பது நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும். அவசரப்பட்டால் சைலசின் மட்டும் அகன்று, கீட்டமைன் தனியாக நின்று, நாய் விறைத்து உதறிக் கத்தும். யோகிம்பின் சைலசின் தரும் வலி நீக்கத்தையும் சேர்த்தே துடைத்துவிடும். எனவே வேறு வலி மருந்து உள்ளே இருந்தால் மட்டுமே அதைத் தொட வேண்டும்.

விழித்த நாயில் வலியை எப்படி அறிவது? கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உருவான சிறு படிவம் ஒன்று உண்டு. கத்துகிறதா, காயத்தைப் பார்க்கிறதா நக்குகிறதா, எழுந்து நடக்கிறதா, காயத்தைச் சுற்றி இரண்டு அங்குலம் தள்ளி மெல்ல அழுத்தினால் என்ன செய்கிறது, முகமும் உடலும் எப்படி இருக்கின்றன என்று மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 24, ஆறோ அதற்கு மேலோ வந்தால் மருந்து கொடுக்க வேண்டும். நடக்க வைத்துப் பார்க்க முடியாத நாய்க்கு மொத்தம் 20, எல்லை ஐந்து. கூண்டில் இருக்கும் பயந்த தெருநாய் வலியை மறைக்கும். மூலையில் முதுகை வளைத்து நிற்பது, படுக்கத் தொடங்கி மறுபடி எழுவது, முன்கால்களைத் தாழ்த்திப் பின்பக்கம் உயர்த்தி நிற்பது, பிடித்த உணவை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வது: இவற்றைப் பார்த்தால் படிவம் இல்லாமலே ஊசியை எடுக்கலாம்.

வீட்டு நாய் வைத்திருப்பவர்களுக்கும் சில. அறுவைக்கு முன் ஆறு முதல் எட்டு மணி நேரம் உணவு வேண்டாம். தண்ணீரைக் கடைசி இரண்டு மணி நேரத்துக்கு முன்புவரை எடுக்க வேண்டாம். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை அவ்வளவு நேரம் பட்டினி போட்டால் சர்க்கரை இறங்கிச் சுருண்டுவிடும். நம் ஊர் நாய்களுக்கு உண்ணி கடித்துக் காய்ச்சல் வருவது சாதாரணம். இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் வெளியே தெரியாமல் குறைந்திருக்கும். அறுவைக்கு முன் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். தட்டணு இரண்டு லட்சத்துக்குக் கீழ் வெகுவாக இறங்கியிருந்தால் அறுவையைத் தள்ளிப்போடுவதே நல்லது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மயக்கம் தெளியும் நேரம்தான் கண்டம். அவை குழாயைக் கடித்துத் துப்பும் வரை அதை எடுக்கக் கூடாது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லி உடல்வாகுள்ள வேட்டை நாய்களுக்குத் தயோபென்டோன் என்ற மயக்க மருந்து ஏற்றதில்லை. தெளிய வெகு நேரம் ஆகும். புரப்போஃபால் கொடுக்கலாம், ஆனால் ஒரு நிமிடம் எடுத்து மெல்லச் செலுத்த வேண்டும். வேகமாக ஏற்றினால் மூச்சு நின்றுவிடும்.

மருத்துவரிடம் கூச்சப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள்: கத்திக்கு முன் என்ன வலி மருந்து, மரப்பு ஊசி உண்டா, வீட்டுக்கு எத்தனை நாள் மருந்து. நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார். இரவில் நாய் முனகுகிறதே என்று வீட்டிலிருக்கும் ஐப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். கறுப்பு மலமும் வாந்தியும் வந்த பிறகு ஓடி வருவதில் பலன் குறைவு. இந்தக் கடிதத்தில் உள்ள அளவுகளும் மருத்துவர் கைக்கானவை. வீட்டில் செய்து பார்ப்பதற்கு அல்ல. கீட்டமைன் அட்டவணை எக்ஸ் மருந்து. பூட்டி வைத்துப் பதிவேட்டில் கணக்கெழுத வேண்டியது.

உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒரே கோரிக்கை. கருத்தடைப் பணிக்கான ஒப்பந்தப் புள்ளியில் ஒரு நாய்க்கு இவ்வளவு ரூபாய் என்று எழுதும்போது, பியூபிவக்கைனையும் லிக்னோகைனையும் மெலாக்சிகாமையும் பெயர் சொல்லிச் சேருங்கள். அறுவைப் பதிவேட்டில் இன்னும் ஐந்து கட்டங்கள் போடுங்கள்: தராசில் நிறுத்த எடை, மரப்பு ஊசி போட்ட நேரம், மெலாக்சிகாம் எத்தனை மி.லி., இரண்டு மணி நேரம் கழித்து வலி மதிப்பெண், மறுநாள் காலை வலி மதிப்பெண். 2023 விதிகளின்படி அமைந்த உள்ளூர்க் கண்காணிப்புக் குழு மையத்துக்கு வரும்போது, நீக்கிய உறுப்புகளை எண்ணுவதோடு நிறுத்தாமல், மருந்து அலமாரியைத் திறந்து காலியான பியூபிவக்கைன் குப்பிகளையும் எண்ணட்டும். பத்துக் கிலோ அளவுள்ள ஐந்து பெண் நாய்க்கு ஒரு குப்பி என்ற விகிதம் வருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
கால்நடை அறுவை சிகிச்சைத் துறையில் பணிபுரியும் மருத்துவர்கள் சிலர்,
சென்னை.